மேஸ்திரி சொன்ன சட்டம்

பழைய வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி வேண்டுமா என்று நான் விசாரித்தபோது, அனுமதி தரும் அதிகாரம் இல்லாத அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். "உள்வேலைக்கு ஏது சார் பெர்மிஷன்?" என்றார் மேஸ்திரி. "வீட்டு வரி கட்டுறீங்க இல்ல? அப்புறம் என்ன?" என்றார் டீக்கடையில் தினமும் பேப்பர் படிக்கிறவர். "கேட்டாத்தான் மாமா பிரச்சினை. கேக்காம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் என் மைத்துனன். மூன்று பதில்களிலும் எனக்குப் பிடித்த ஓர் ஒற்றுமை இருந்தது. எதைப் பின்பற்றினாலும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். விடைத்தாள்களில் ‘வினாவை மீண்டும் படி’ என்று சிவப்பு மையில் எழுதியே விரல் தேய்ந்தவன். அப்படிப்பட்டவன் தன் வீட்டு விஷயத்தில் வினாவையே படிக்காமல் விடை எழுதினான் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். மேற்கொண்டு படிக்க விருப்பமில்லாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். பழைய வீடு வைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து தொடருங்கள்.

வீடு காஞ்சிபுரத்தில், பல்லவர் காலத்துச் சிறிய கோயில் ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். தாத்தா வாங்கியது. முன்னால் திண்ணை, அதையடுத்து நடை, ஒருகாலத்தில் தறி போட்டிருந்த கூடம், முற்றம், சமையற்கட்டு, கிணறு, கொல்லை. தறிக்குழியை அப்பா காலத்திலேயே மூடிவிட்டார்கள். முன்பகுதி மெட்ராஸ் டெரஸ். அதாவது தேக்கு மரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய தளம். முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு. தெருவில் வீடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்பதால் இரு பக்கமும் பொதுச் சுவர்.

ஐப்பசி மழையில் ஓடு ஒழுகியது. அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் ஆரம்பத்தில் இருந்த ஒரே ஆசை. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போன சாயங்காலம் அந்த ஆசை கிளைவிட்டது. ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் ஊற்றிவிடலாம். தளம் ஊற்றினால் மேலே மகளுக்கு ஓர் அறை போடலாம். அறை போட்டால் படிக்கட்டு வேண்டும். படிக்கட்டு வந்தால் கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் எதற்கு? திண்ணையை எடுத்தால் காரை நிறுத்தலாம். என்னிடம் கார் இல்லை என்பதை மனைவி நினைவுபடுத்தினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மழையில நனையாம கக்கூசுக்குப் போக ஒரு வழி பண்ணுங்க." என் திட்டத்தில் அது மட்டும் இடம்பெறவில்லை.

நல்ல நாள் பார்த்து நடுச்சுவரில் கடப்பாரையை வைத்தோம். நாள் பார்த்தவன், கூடவே விதியையும் பார்த்திருக்கலாம். சுவரின் மேல்வரிசை இறங்கியபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மாநகராட்சி அலுவலகத்திலிருந்து வந்திருந்த இளம்பெண். என் மகளைவிட வயது குறைவாக இருக்கும். தெருவில் மண் குவிந்து கால்வாய் அடைத்துக்கொண்டதாக யாரோ புகார் செய்திருந்தார்கள். இடிபாட்டுக் கழிவைத் தெருவில் போடக்கூடாது என்று மத்திய அரசு 2016-லேயே தனி விதி கொண்டுவந்துவிட்டது. மேஸ்திரியின் சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

"என்ன வேலை சார் நடக்குது? பெர்மிஷன் வாங்கியிருக்கீங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீடு, என் சுவர், என் காசு என்று அடுக்குமொழியில் ஆரம்பித்தேன். என் வீட்டில் நான் ஆணி அடிப்பதற்கும் அரசாங்கத்தைக் கேட்க வேண்டுமா என்று முடித்தேன்.

"ஆணி தாராளமா அடிங்க சார், அதுக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் கோபப்படாமல். பிறகு அண்ணாந்து பார்த்து, "இந்த உத்தரம் எதுமேல சார் உக்காந்திருக்கு?" என்று கேட்டாள்.

நானும் மேஸ்திரியும் சேர்ந்து அண்ணாந்து பார்த்தோம். முற்றத்து ஓட்டைத் தாங்கும் உத்தரத்தின் ஒரு முனை பொதுச் சுவருக்குள் இருந்தது. மறுமுனை நாங்கள் இடித்துக்கொண்டிருந்த சுவரின்மேல் இருந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் போய் இரண்டு சவுக்குக் கம்புகளைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார். என் சொற்பொழிவும் அத்தோடு முடிந்தது.

"என்னென்ன வேலை செய்யப்போறீங்கன்னு ஒரு லிஸ்ட் எழுதிட்டு ஆபீசுக்கு வாங்க சார். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு பதில்" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரை எடுத்தாள்.

எனக்குத் தேவைப்பட்ட முதல் பாடம் அந்த ஒரு வரியில் இருந்தது. ‘பழைய வீட்டை ரிப்பேர் செய்ய அனுமதி வேண்டுமா?’ என்று மொத்தமாகக் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. எந்த வேலைக்கு என்று பிரித்துக் கேட்டால்தான் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அனுமதி தேவைப்படாத வேலைகளுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. கதவு, ஜன்னல் திறப்பது அல்லது அடைப்பது, அறைக்குள் தடுப்பு வைப்பது, வெள்ளையடிப்பது, பூச்சு உதிர்ந்த இடத்தில் பூசுவது, தரை மாற்றுவது, ஓடு மாற்றுவது, நம் எல்லைக்குள் வெயில் தடுப்பு வைப்பது, தோட்டம் போடுவது எல்லாம் அதில் அடங்கும். ஆனால் தலைப்பிலேயே ஒரு நிபந்தனை. கட்டடத்தின் உறுதிக்கும், தீப் பாதுகாப்புக்கும், சுகாதாரத்துக்கும் பங்கம் வராத வரைக்கும்தான் இந்தச் சலுகை. மேஸ்திரி ‘உள்வேலை’ என்று சொன்னது பாதி உண்மை. உள்ளே இருந்தாலும் பாரம் தாங்குகிற சுவர் உள்வேலைக் கணக்கில் வராது.

இந்தத் தொகுப்பு நாடு முழுவதற்குமான மாதிரிதான். நம்மைக் கட்டுப்படுத்துவது மாநில விதி. இங்கே 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சிறு பழுதுகளில் அதன் போக்கும் ஏறக்குறைய இதேதான். ஒழுகும் ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு போட்டால் பழுதுபார்ப்பு. ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் ஊற்றினால் கதை வேறு. பாரம் மாறுகிறது, கட்டடத்தின் அமைப்பே மாறுகிறது. மேலே அறை போட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை, வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். மொத்தமாக இடித்துக் கட்டினால் புதுக் கட்டடத்துக்கு உண்டான எல்லா விதியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னால் இடம் விடவேண்டும், மழைநீர் சேகரிப்புக்கு வழி செய்யவேண்டும். தெருவை ஒட்டியே திண்ணை வைத்துக் கட்டிய தாத்தாவின் வசதி பேரனுக்குக் கிடைக்காது. ‘பேசாம இடிச்சுட்டுப் புதுசா கட்டிடுங்க’ என்று சுலபமாகச் சொல்கிறவர்கள், புது வீடு பழையதைவிடச் சிறியதாக வரக்கூடும் என்பதைச் சொல்வதில்லை.

அலுவலகத்துக்கு உடனே போனேனா? இல்லை. அதற்குள் சுயசான்று என்ற சொல் என் கண்ணில் பட்டுவிட்டது. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. பணிக்காலம் முழுக்க அடுத்தவர்களுக்கு நன்னடத்தைச் சான்று எழுதித் தந்தவன், இப்போது எனக்கு நானே ஒன்று எழுதிக்கொள்ளப் போகிறேன் என்று பூரித்துப்போனேன். உள்ளே படித்த பிறகுதான், புதிதாகக் கட்டும் சிறிய வீடுகளுக்கான வழி அது என்று விளங்கியது. அதிலும் மனைக்கு உரிய பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் உரிமையாளர் பெயரில் சரியாக இருக்க வேண்டும். சான்று சுயமாக இருக்கலாம், சொத்து சுயமாக இருக்கிறதா என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது.

பட்டா தாத்தா பெயரில் இருந்தது. வீட்டு வரி அப்பா பெயரில். மின் இணைப்பு, என்ன காரணத்தாலோ, என் பெரியப்பா பெயரில். அவர் கல்யாணமே செய்துகொள்ளாமல், தாத்தாவுக்கு முன்பே காலமானவர். என் பெயரில் இருந்தது கேபிள் டி.வி. இணைப்பு மட்டும்.

கடைசியில் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனபோது, வீட்டு வரி ரசீதைப் பெரிய ஆயுதம் என்று நினைத்துக் கையில் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். வரி கட்டியதற்கு அது சான்று. சொத்துரிமைக்கும் அது சான்றாகாது, கட்டடம் அனுமதி பெற்றது என்பதற்கும் ஆகாது. டீக்கடைச் சட்டம் அத்துடன் ரத்தானது.

தாத்தா உயில் எழுதாமல் 1971-ல் காலமானார். வீடு அவர் சுயமாகச் சம்பாதித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அப்பாவுக்கு இரண்டு அக்காக்கள். அப்பா அங்கேயே குடியிருந்தார், நாங்கள் அங்கேயே வளர்ந்தோம் என்பதால் வீடு எங்களுடையது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சமத்துவம் பற்றிப் பள்ளி ஆண்டுவிழாக்களில் பட்டிமன்ற நடுவராக இருந்து பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னவன்தான் நானும்.

ஆரணியில் இருக்கும் பெரிய அத்தையிடம் போனேன். அத்தைக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. காது கொஞ்சம் மந்தம், மற்றதெல்லாம் கூர்மை. சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருவதற்குள் அவரே வந்துவிட்டார்.

"டேய், எங்கப்பா வீட்டுல எனக்குப் பங்கு இருக்குன்னு சட்டம் வந்து எவ்ளோ காலமாச்சு? உனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா? நீ வாத்தியாரு வேற."

"தெரியும் அத்தை. ஆனா..."

"தெரிஞ்சும் கேக்கலையா? அது இன்னும் மோசம்."

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அத்தை மறுக்கவில்லை. சின்ன அத்தை காலமாகிவிட்டதால் அவர் பிள்ளைகளிடமும் வாங்கினேன். பட்டாவை எல்லா வாரிசுகள் பெயரிலும் மாற்ற வேண்டியிருந்தது. கையெழுத்துக்கு அத்தை ஒரு விலை வைத்தார்: வாசல் நிலைக்கதவை மாற்றக்கூடாது. அந்தக் கதவின் வழியாகத்தான் அவர் மணக்கோலத்தில் வெளியே போனாராம். நான் அந்த இடத்தில் ஷட்டர் போடலாம் என்றிருந்ததை அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

பெயர் விவகாரம் ஒருவழியாக ஒழுங்குக்கு வந்ததும், லைசென்ஸ் பெற்ற பொறியாளர் ஒருவரை அமர்த்தினேன். மேஸ்திரிக்கு முன்னால் அமர்த்தியிருக்க வேண்டியவர். அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தெருமுனையில் நின்று கோயில் மதிலைப் பார்த்தார். "இது தொல்லியல் துறைக் கோயில் ஆச்சே சார்! முதல்ல மத்திய அரசுகிட்ட கேக்கணுமே!" என்றார்.

நான் சிரித்தேன். காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் இல்லாத வீடு எது? கோயில் பக்கத்து வீட்டுக்காரனெல்லாம் டெல்லியைக் கேட்பதென்றால் ஊரில் ஒருவனும் ஓடு மாற்ற முடியாதே! என் தர்க்கத்தில் ஓட்டை இருந்தது. ஏகாம்பரநாதர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில் போன்றவை அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருப்பவை. கைலாசநாதர், வைகுந்தப் பெருமாள் கோயில்கள் போன்ற சில, இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச் சின்னங்கள். நாடு முழுவதும் இப்படி 3,600-க்கு மேல் இருக்கின்றன. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2010-ல் வந்த திருத்தமும் இவற்றைச் சுற்றியுள்ள வீடுகளைக் கட்டுப்படுத்துகின்றன. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. எங்கள் கோயில் வாசலில் நீலப் பலகை ஒன்றில் இந்தச் சட்டத்தின் பெயரே எழுதியிருக்கிறது. சிறுவயதில் அதன்மேல் சாய்ந்துதான் ஐஸ் தின்றேன். ஒருநாளும் படித்ததில்லை.

சட்டம் என்று தெரிந்தவுடன் நல்ல குடிமகன் என்ன செய்வான்? தனக்கு அது பொருந்தாது என்று நிரூபிக்கப் பார்ப்பான். செல்போனில் வரைபடத்தைத் திறந்து, கோபுரத்திலிருந்து என் வாசலுக்கு நடைவழி போட்டேன். 160 மீட்டர் காட்டியது. நான் தடைப் பகுதியில் இல்லை! வெற்றிக் களிப்போடு அந்தப் படத்தைப் பொறியாளருக்கு அனுப்பினேன்.

"சார், நீங்க கோபுரத்துலேருந்து அளந்திருக்கீங்க. கோயிலோட பாதுகாக்கப்பட்ட எல்லையிலேருந்து அளக்கணும். அதோட தெரு வழியா சுத்தி வந்திருக்கீங்க. சட்டம் நேர்கோட்டுல வரும்" என்றார். நேர்கோட்டில் என் கொல்லைச் சுவர் 80 மீட்டருக்குள் இருந்தது. எல்லாத் திசைகளிலும் 100 மீட்டர் என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. நான்தான் அதற்குச் சந்து பொந்தெல்லாம் சுற்றிக்காட்டினேன்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். என்னைப் போல மாட்டிக்கொள்ளும் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மாநகராட்சி அனுமதி வேண்டாம் என்று விட்டுவிடும் சாதாரணப் பழுதுபார்ப்புக்கும் தடைப் பகுதிக்குள் அனுமதி வேண்டும். ஓர் அலுவலகம் வேண்டாம் என்றதை வைத்து இன்னோர் அலுவலகமும் வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்கு வழியே கிடையாது. இருக்கிற கட்டடத்தை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ நீட்டினாலும் சட்டத்தின் கணக்கில் அது கட்டுமானம்தான். மகளுக்காக மனதில் கட்டிய மாடி அறை அந்த ஒரு வரியில் இடிந்தது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மைத்துனனைப் போனில் கூப்பிட்டு, ‘யாருக்குத் தெரியப்போகுது’ என்றாயே, உள்ளே போனால் துணைக்கு வருகிறாயா என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

அனுமதிக்கப்படுவது பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் மட்டுமே. அதுவும் 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே இருக்கும் கட்டடமாகவோ, பின்னால் முறையான அனுமதியோடு கட்டியதாகவோ இருந்தால்தான். 100, 200 மீட்டர் என்ற இந்த எல்லைகளை முதலில் வகுத்த அரசாணையின் தேதி அது. விண்ணப்பம் போகவேண்டியது தகுதிவாய்ந்த அதிகாரியிடம். அவர் 15 நாளுக்குள் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பரிந்துரை தரவேண்டும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். இதை மேஸ்திரியிடம் விளக்கினேன். விரல் விட்டு எண்ணியவர், "அதுக்குள்ள மழை வந்துடும் சார்" என்றார். அவர் சொன்ன சட்டங்களில் இது ஒன்றுதான் பலித்தது.

விண்ணப்பத்தை நானே எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். பொறியாளருக்கு மொழிநடை போதாது என்பது என் எண்ணம். ‘வேலையின் தன்மை’ என்ற இடத்தில், ‘எமது முன்னோர் இல்லத்தை அதன் தொன்மை குன்றாவண்ணம் முழுமையாக மறுநிர்மாணம் செய்தல்’ என்று எழுதினேன். படித்துப் படித்து மகிழ்ந்தேன். பொறியாளர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். சட்டத்தில் பழுதுபார்ப்பு வேறு, மறுநிர்மாணம் வேறு. பழைய அளவிலேயே திரும்ப எழுப்பினாலும் மறுநிர்மாணம் பழுதுபார்ப்பில் அடங்காது. தடைப் பகுதியில் அதற்கு அனுமதியும் இல்லை. என் விண்ணப்பத்தை நானே நிராகரித்துக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அவர் அதைக் கிழித்துவிட்டு, ‘உடைந்த நாட்டு ஓடுகளை மாற்றுதல்; உளுத்த கைமரங்களை மாற்றுதல்; உத்தரத்தைத் தாங்கும் சுவரைச் சீர்செய்தல்; சுண்ணாம்புப் பூச்சு; உட்புறத்தில் இருக்கும் பழைய சேமிப்பறையைக் கழிப்பறையாக மாற்றுதல்’ என்று ஐந்து வரி எழுதினார். அலங்காரமே இல்லாத உரைநடை. அது தேறியது.

அடுத்து, வீடு 1992-க்கு முன்பே இருந்தது என்பதற்கு ஆதாரம். சுவரைத் தட்டினாலே தெரியுமே என்றேன். காகிதத்தைத் தட்டிக் காட்டச் சொன்னார்கள். அதில் ஒரு சங்கடம். அப்பா காலத்து வரி ரசீதுகள் கம்பியில் குத்திக் கிடந்தன. ஒரு போகியன்று பழையன கழிதல் என்று நன்னூல் சூத்திரம் சொல்லி அவற்றைத் தீயில் போட்டவன் நானேதான். மனைவியிடம் அதை ஒப்புக்கொண்டபோது அவள் எழுந்துபோய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். தீயில் போட்டது ஒரு கம்பி. இன்னொரு கம்பியை அவள் எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். 1970-களின் வரி ரசீதுகளும், மின்வாரியத்தின் பழைய வெள்ளை அட்டைகளும், திண்ணை தெரிய எடுத்த என் அக்கா கல்யாணப் படமும் அதிலிருந்து வெளிவந்தன. "நீங்க எரிக்கிறதைப் பாத்துட்டுத்தான் எடுத்து வெச்சேன்" என்றாள். அவ்வளவுதான். கழிப்பறைப் பேச்சை அன்று அவள் எடுக்கவில்லை. நானாகவே வரைபடத்தில் அதை முதல் வேலையாக மாற்றச் சொன்னேன்.

பொதுச் சுவருக்கு எந்த அலுவலகமும் அனுமதி தரமுடியாது. பக்கத்து வீட்டு அக்காதான் தரவேண்டும். உத்தர முனையை எடுத்தால் அவர் வீட்டுப் பூச்சும் உதிரும். மண் குவிந்ததைப் புகார் செய்தவரும் அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கிலோ காரப்பூந்தியோடு போனேன். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி ஆபீசுக்குப் போறேன்?" என்றார். பூந்தியை வாங்கிக்கொண்டு, அவர் பக்கத்துப் பூச்சுச் செலவையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொடுத்தேன். இந்த வீட்டு விஷயத்தில் நான் கேட்டவுடன் கிடைத்த ஒரே அனுமதி அதுதான்.

மழை முடிகிற வரைக்கும் முற்றத்தின்மேல் தார்ப்பாய் கிடந்தது. பிறகு உத்தரவு வந்தது. ஓடு மாறியது, நடுச்சுவர் திரும்ப எழும்பியது, சேமிப்பறை கழிப்பறை ஆனது. மாடி அறை இல்லை, கார் நிறுத்தம் இல்லை, கார் இப்போதும் இல்லை. இடித்த சுவரை இடித்த இடத்திலேயே கட்ட இரண்டு கூலி கொடுத்தேன். இடிக்க ஒன்று, கட்ட ஒன்று. அந்த ஒரு சுவருக்கு மட்டும் தண்டம். முதல் வாரமே பொறியாளரைக் கூப்பிட்டு அரைநாள் வீட்டைச் சுற்றிக் காட்டியிருந்தால் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது அதைவிடக் குறைவு.

பழைய வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கடப்பாரைக்கு முன்னால் நான்கு கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள். வீடு சட்டப்படி யார் யாருடையது? அருகில் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஏதாவது இருக்கிறதா, அதன் எல்லையிலிருந்து நேர்கோட்டில் எத்தனை மீட்டர்? செய்யப்போகும் வேலைகள் என்னென்ன, ஒவ்வொன்றும் ஓடு மாற்றுகிற ரகமா, சுவர் மாற்றுகிற ரகமா? ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியுமா? முதல் கேள்விக்கு வில்லங்கச் சான்றும் பட்டாவும் பதில் சொல்லும், அத்தைகளையும் கேளுங்கள். இரண்டாவதற்குக் கோயில் வாசல் நீலப் பலகை. மூன்றாவதற்குப் பொறியாளரும் உள்ளாட்சி அலுவலகமும். நான்காவதற்குக் காரப்பூந்தி. மேஸ்திரியையும் கேளுங்கள், சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறவேண்டும் என்று. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அனுமதி வேண்டுமா என்பதை மட்டும் அனுமதி தருகிறவரிடம் எழுத்தில் கேட்டு, தேதியும் முத்திரையும் போட்ட பதிலை வாங்கி ட்ரங்குப் பெட்டியில் வையுங்கள். பெட்டிச் சாவி வீட்டுக்காரம்மாவிடம் இருக்கட்டும்.